நுரையீரல் ரத்தக்கட்டிக்கு விஏ இழப்பீடு: கோரிக்கை எங்கே சறுக்குகிறது

அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் துறையான விஏ, நுரையீரல் ரத்தக்குழாய் நோயை 6817 என்ற எண்ணின் கீழ் மதிப்பிட்டு, பாதிப்பின் அளவைச் சதவீதமாகத் தருகிறது. ரத்தக்கட்டி கரைந்து தொந்தரவே இல்லையென்றால் 0 சதவீதம். கரைந்த பிறகும் அறிகுறிகள் இருந்தால் 30. நாள்பட்ட கட்டிக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து தேவைப்பட்டால் 60. அந்த நாள்பட்ட கட்டியோடு நுரையீரல் உயர் ரத்த அழுத்தமோ இதயத்தின் வலது கீழறைத் தடிப்போ இருந்தால் 100.

நாங்கள் பார்த்தவரை 30-க்கும் 60-க்கும் நடுவில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினோ அபிக்ஸபானோ தினமும் சாப்பிடுவார்கள். மருத்துவக் குறிப்பிலோ ‘முன்பு எம்போலிசம் (ரத்தக்கட்டி அடைப்பு) வந்தது’ என்ற ஒரு வரிதான் இருக்கும். கோப்பைப் படிக்கிற அதிகாரி அதை முடிந்துபோன நோயாகவே எடுத்துக்கொள்வார். மருந்துச் சீட்டு மட்டும் போதாது. நோய் நாள்பட்டதா, மருந்து எதற்காகத் தொடர்கிறது, நிறுத்தினால் என்ன ஆபத்து என்பதை நுரையீரல் மருத்துவரோ ரத்தநோய் மருத்துவரோ எழுதித் தர வேண்டும். மூச்சுத்திணறல் தீரவே இல்லையென்றால் வி/க்யூ ஸ்கேன் (நுரையீரலில் காற்றும் ரத்தமும் எங்கெல்லாம் போகின்றன என்று காட்டும் படம்) பற்றிக் கேளுங்கள்; நாள்பட்ட கட்டியைத் தேட அதுதான் முதல் பரிசோதனை. எக்கோவில் (இதய அல்ட்ராசவுண்டில்) வரும் நுரையீரல் ரத்த அழுத்தம் ஒரு கணிப்புதான். இதயத்தின் வலப்பக்கம் குழாய் செலுத்தி அளந்தால்தான் உறுதியாகும்.

பணிக்காலத்துக்குப் பிறகு வந்த நோய்க்கும் வழி உண்டு. பணியால் வந்தது என்று ஏற்கெனவே ஏற்கப்பட்ட முழங்கால் பாதிப்புக்கு அறுவை சிகிச்சை, அதைத் தொடர்ந்து காலில் ரத்தக்கட்டி, அங்கிருந்து நுரையீரலுக்கு: இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் தேதியோடு ஆவணம் வையுங்கள். ‘தொடர்பு இருக்கலாம்’ என்ற கடிதம் நிற்காது; குறைந்தது 50 சதவீத வாய்ப்பு உண்டு என்ற கருத்தும் அதற்கான காரணமும் வேண்டும்.

ஆவணம் சேர நாளாகும். அதனால் கோரிக்கை வைக்கப்போவதாக அறிவிக்கும் 21-0966 படிவத்தை முதலில் போட்டுவிடுங்கள். ஓராண்டுக்குள் கோரிக்கைப் படிவமான 21-526 ஈஇசட் போய்ச் சேர்ந்தால் அந்த முதல் படிவத்தின் தேதியே காக்கப்படும்.

ஸ்லீப் அப்னியாவுக்கு (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய்) 50 இருக்கிறது, இதற்கு 60 கூடும் என்று கணக்குப் போடாதீர்கள். இரண்டும் சுவாச நோய்கள் என்பதால் சேர்க்க மாட்டார்கள். முதன்மையான பாதிப்புக்கு ஒரே மதிப்பீடுதான். ரத்தக்கட்டியால் காலில் நிலைத்துவிட்ட வீக்கத்துக்கு 7121 என்ற எண்ணின் கீழ் தனியாகக் கேட்கலாம், பலர் இதைக் கேட்பதே இல்லை.

முடிவு பாதகமாக வந்தால் ஓராண்டுக்குள் நகருங்கள். புதிய ஆதாரம் இருந்தால் துணைக் கோரிக்கைக்கான 20-0995 படிவம். இருக்கிற ஆதாரத்தையே தவறாகப் படித்திருந்தால் மேல்நிலை மறுஆய்வுக்கான 20-0996 படிவம். அதில் புதிதாக எதையும் சேர்க்க முடியாது.