ஓவர்லேயை அன்மவுண்ட் செய்ததும் உறைந்துபோன கணினி

பழைய சிற்றிதழ்களை ஸ்கேன் செய்து பாதுகாக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். ஸ்கேனரிலிருந்து வந்த மூலக் கோப்பில் ஒரு பைட்கூட மாறக் கூடாது என்பது நான் வைத்திருக்கும் விதி. ஆனால் சாய்ந்த பக்கத்தை நிமிர்த்த வேண்டும், கறுத்த ஓரத்தை வெட்ட வேண்டும். இரண்டுக்கும் வழி தந்தது லினக்ஸின் ஓவர்லே கோப்பமைப்பு. மூலங்கள் கீழடுக்கில் கைபடாமல் இருக்கும். திருத்தியவை மேலடுக்கில் போய்ச் சேரும். பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே அடைவாகத் தெரியும். 2014 டிசம்பரில் வெளிவந்த 3.18 பதிப்பு முதல் இது கர்னலிலேயே (லினக்ஸின் மையக் கருவிலேயே) இருப்பதால், தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை.

இரண்டு அடுக்குகளையும் ஒரே யுஎஸ்பி ஹார்டு டிஸ்க்கில்தான் வைத்திருந்தேன். ஒரு நாள் இரவு வேலையை முடித்துவிட்டு, ஓவர்லேயைக் கழற்றும் அன்மவுண்ட் கட்டளையைக் கொடுத்தேன். கர்சர் திரும்பி வரவில்லை. கண்ட்ரோல்-சி அழுத்தினேன், அசையவில்லை. வேறொரு முனையத்தில், இணைந்திருக்கும் கோப்பமைப்புகளைக் காட்டும் மவுண்ட் பட்டியலைப் பார்த்தால் ஓவர்லேயின் பெயரே அங்கு இல்லை. சரி, வேலை முடிந்துவிட்டது, கட்டளை மட்டும் எங்கோ சிக்கிக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக் கணினியை அணைக்கச் சொன்னேன். திரையில் ஒன்றரை நிமிடக் கணக்கு ஓடி முடிந்தது. அதன் பிறகும் அணையவில்லை. பொறுமை இழந்து பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தேன்.

மறுநாள் பார்த்தால், கடைசியாகத் திருத்திய 17 பக்கங்கள் பூஜ்ய பைட்டாகக் கிடந்தன. மூலங்கள் கீழடுக்கில் பத்திரமாக இருந்தன என்பதுதான் ஒரே ஆறுதல்.

நான்கு நாள் கழித்து மீண்டும் அதேபோல் நின்றது. இந்த முறை பொத்தானைத் தொடுவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். ஏதாவது நிரல் ஓவர்லேயில் கோப்பைத் திறந்து வைத்திருந்தால் 'பிஸி' என்ற பிழைச் செய்தி உடனே வந்துவிடும். ஃபியூசர் கட்டளையால் அந்த நிரலைக் கண்டுபிடித்து மூடினால் தீர்ந்தது. இங்கே பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஓடும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் பட்டியலில் யுமவுண்டின் (அன்மவுண்ட் கட்டளையின் பெயர் இதுதான்) நிலை 'டி' என்று இருந்தது. இது டிஸ்க்கின் பதிலுக்காகக் காத்திருக்கும், குறுக்கிட முடியாத தூக்கம். நிரலைக் கட்டாயமாக நிறுத்தும் கில் மைனஸ் ஒன்பதும் இதை எழுப்பாது. நினைவகத்தில் இருப்பதை டிஸ்க்கில் எழுதச் சொல்லும் சிங்க் கட்டளையை இன்னொரு முனையத்தில் கொடுத்துப் பார்த்தேன், அதுவும் போய் வரிசையில் நின்றுகொண்டது.

கேபிள் மீது சந்தேகம் வந்தது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைப் பார்த்தேன், குறை எதுவும் இல்லை. கர்னல் பதிவில் யுஎஸ்பி துண்டிப்போ படிப்புப் பிழையோ இல்லை; யுமவுண்ட் 120 நொடிகளுக்கு மேல் தடைப்பட்டு நிற்கிறது என்ற ஒரு வரி மட்டும் இருந்தது.

கர்னல் தன் நிலவரத்தைக் காட்டும் ப்ராக் அடைவுக்குள் ஒவ்வொரு செயல்முறைக்கும் ஸ்டாக் என்றொரு கோப்பு உண்டு. கர்னலுக்குள் அது எந்த இடத்தில் நிற்கிறது என்பதை ரூட்டாக (நிர்வாகியாக) இருந்து அதில் படிக்கலாம். யுமவுண்டின் ஸ்டாக்கைக் கீழிருந்து மேலாகப் படித்தேன். கோப்பமைப்பை மூடும் படி, அதன் மேல் சிங்க்-ஃபைல்சிஸ்டம், அதற்கு மேல் ஓவிஎல்-சிங்க்-எஃப்எஸ், அதற்கும் மேல் மறுபடியும் ஒரு சிங்க்-ஃபைல்சிஸ்டம், உச்சியில் எழுத்து வேலை முடியக் காத்திருக்கும் படி. சிங்க் ஏன் இரண்டு முறை வருகிறது? அந்தக் கேள்வியில்தான் முடிச்சு அவிழ்ந்தது. முதலாவது ஓவர்லேக்கு உரியது. இரண்டாவது, மேலடுக்கு அமர்ந்திருக்கும் டிஸ்க்கின் கோப்பமைப்பு முழுவதற்கும் உரியது. நான் திருத்தியவை மட்டுமல்ல, அந்தக் கோப்பமைப்புக்குப் போக வேண்டியவை அனைத்தும் எழுதி முடிக்கப்படும் வரை ஓவர்லே மூடாது.

அங்கே வேறென்ன எழுதப்பட்டுக்கொண்டிருந்தது? அன்றைய புது ஸ்கேன்களை சற்று முன்புதான் அதே டிஸ்க்கின் வேறோர் அடைவுக்கு நகலெடுத்திருந்தேன். நகல் முடிந்தது என்று கணினி சொன்னது. உண்மையில் அதில் பெரும்பகுதி நினைவகத்தில்தான் நின்றிருந்தது. நினைவகத்தின் நிலவரம் தரும் மெம்இன்ஃபோ கோப்பில், இன்னும் டிஸ்க்கில் எழுதப்படாத அளவைக் காட்டும் 'டர்ட்டி' என்ற வரியைப் பார்த்தேன்: 2.3 ஜிபி. நொடிக்கொரு முறை புதுப்பித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நொடிக்குப் பத்து எம்பி வீதம் குறைந்துகொண்டு வந்தது. செத்துவிட்டது என்று நான் நினைத்த கணினி மூச்சுவிட்டுக்கொண்டிருப்பதை அந்த எண் காட்டியது. நான்கு நிமிடத்துக்குள் எண் சரிந்து அடங்கியது, கர்சர் தானாகத் திரும்பி வந்தது. கோப்புகள் ஒன்றுவிடாமல் சரியாக இருந்தன.

மவுண்ட் பட்டியலிலிருந்து பெயர் மறைந்ததை நம்பியதுதான் முதல் இரவில் நான் செய்த தவறு. கர்னல் முதலில் பெயரை எடுத்துவிடுகிறது, எழுதி முடிக்கும் வேலையை அதன் பிறகுதான் செய்கிறது. பெயரை உடனே எடுத்துவிட்டு மீதியைப் பின்னால் பார்த்துக்கொள்ளும் லேஸி அன்மவுண்டை ஒரு தீர்வாகப் பலர் சொல்வார்கள். பெயரை மறைப்பதைத் தவிர அது எழுத்து வேலையை ஒரு நொடிகூடக் குறைக்காது. அதை நம்பி டிஸ்க்கைப் பிடுங்கினால் பக்கங்கள் போய்விடும்.

சந்தேகத்துக்கு இடமில்லாமல் உறுதிசெய்துகொள்ள ஒரு சோதனை செய்தேன். டிஸ்க்கில் வேறு எழுத்து வேலை எதுவும் இல்லாதபோது ஒரு பக்கத்தைத் திருத்தி அன்மவுண்ட் செய்தேன்: ஒரு நொடிக்குள் முடிந்தது. அடுத்து, பக்கத்து அடைவுக்கு இரண்டு ஜிபி நகலெடுத்துவிட்டு அதே ஒரு பக்கத்தைத் திருத்தி அன்மவுண்ட் செய்தேன்: மூன்று நிமிடத்துக்கு மேல் நின்றது.

தீர்வாக இரண்டு மாற்றங்கள் செய்தேன். மேலடுக்கைக் கணினிக்குள் இருக்கும் எஸ்எஸ்டிக்கு மாற்றினேன். ஓவர்லே தன் இடைக்கால வேலைக்குப் பயன்படுத்தும் வொர்க் அடைவும் மேலடுக்கும் ஒரே கோப்பமைப்பில் இருந்தாக வேண்டும் என்பதால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருந்தது. கீழடுக்கு யுஎஸ்பி டிஸ்க்கிலேயே இருக்கலாம், ஓவர்லே அதில் எழுதுவதில்லை. இன்னொன்று, எழுதப்படாமல் நினைவகத்தில் தேங்கும் அளவுக்கு வரம்பு வைத்தேன். கர்னலில் இந்த வரம்பு இயல்பாக நினைவகத்தின் விழுக்காடாக, 20 என்று இருக்கும். 16 ஜிபி கணினியில் அது மெதுவான டிஸ்க்குக்கு மிக அதிகம். டர்ட்டி-பைட்ஸ் அமைப்பில் 128 எம்பி என்று கொடுத்தேன். இப்போது நகலெடுப்பது மெதுவாக நடப்பதாகத் தோன்றுகிறது. ஆனால் டிஸ்க்கின் உண்மையான வேகம் அதுதான், முடிந்தது என்று சொன்னால் ஏறக்குறைய முடிந்திருக்கிறது.

கர்னல் 5.10 முதல் 'வாலட்டைல்' என்றொரு மவுண்ட் விருப்பம் இருக்கிறது. அதைக் கொடுத்தால் ஓவர்லே சிங்க்கைத் தவிர்த்துவிடும், காத்திருப்பே இருக்காது. ஆனால் இடையில் மின்சாரம் போனால் மேலடுக்கை நம்ப முடியாது, தூக்கி எறிய வேண்டியதுதான். வேலை முடிந்ததும் அழித்துவிடும் கண்டெய்னர்களுக்கு (நிரலைத் தனியாக அடைத்து ஓட்டும் சூழல்களுக்கு) அது நல்ல வழி. என் மேலடுக்கில் இருப்பதோ மாதக்கணக்கான கைவேலை. அதனால் அந்த விருப்பத்தை நான் தொடவில்லை.

பூஜ்ய பைட்டாகப் போன 17 பக்கங்களையும் மூலத்திலிருந்து எடுத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். மாலை அன்மவுண்ட் செய்தபோது இரண்டு நொடி ஆனது.