கார்ட்டூம்ல இருந்து கிளம்புன கதையும் ஒரு பாஸ்போர்ட்டும்

2023 ஏப்ரல் 15, சனிக்கிழமை, நோன்பு மாசம். சூடான் தலைநகர் கார்ட்டூம்ல காலைல வெடிச்சத்தம் கேட்டப்போ ரெண்டு நாள்ல அடங்கிரும்னுதான் நெனச்சோம். ராணுவத்துக்கும் ஆர்எஸ்எஃப்ங்கிற துணை ராணுவப் படைக்கும் சண்டை, ஏர்போர்ட் முதல் நாளே க்ளோஸ், அப்புறம் கரண்ட் இல்ல, பைப்ல தண்ணி இல்ல, மெத்தைய ஜன்னல்ல சாத்திட்டு அஞ்சு பேரும் நடைபாதையிலயே படுத்துக் கெடந்தோம்.

22ஆம் தேதி ராத்திரி அமெரிக்கா தன் தூதரக ஆளுங்கள தூக்கிருச்சு. ஜிபூட்டில இருந்து கெளம்புன சினூக் ஹெலிகாப்டர், நூறு பேருக்கும் கம்மி, தரையில ஒரு மணி நேரம்கூட நிக்கல. மறுநாளே மத்த நாட்டுக்காரங்களும் கெளம்பிட்டாங்க. அன்னைக்கு எங்க ஆபீஸ் சூடான்காரர் ஒருத்தர் வீட்டுக்கு வந்து பேசாம உக்காந்திருந்தார். விசாவுக்குக் குடுத்த அவர் பாஸ்போர்ட் ஒரு தூதரகத்துக்குள்ள கெடக்கு, அங்க போன் எடுக்க ஒரு ஆள் கெடையாது.

எங்களுக்கு ஹெலிகாப்டர் எல்லாம் இல்ல, பஸ்தான். வாட்ஸ்அப்ல இந்தியத் தூதரகத்துக்கு பேர், பாஸ்போர்ட் நம்பர் அனுப்பணும், ஆனா நெட் வர்றதே எப்பவாவதுதான், போன்ல சார்ஜும் இல்ல. போக வேண்டிய துறைமுகம் போர்ட் சூடான், 850 கிலோமீட்டர் இருக்கும். செக்போஸ்ட்ல துப்பாக்கியோட ஒரு பையன், மீசைகூட சரியா மொளைக்கல, "ஹிந்தி?"ன்னு (அரபியில இந்தியனான்னு அர்த்தம்) கேட்டுட்டு என் போன வாங்கி போட்டோ எல்லாத்தையும் அழிச்சான், பொண்ணு பர்த்டே படமும் சேந்து போச்சு. அதனால சொல்றேன், கெளம்புறதுக்கு முன்னாடியே கேலரிய காலி பண்ணிருங்க, பாஸ்போர்ட் ஜெராக்ஸ் பேப்பர்ல வெச்சுக்கோங்க.

போர்ட் சூடான்ல போய்ச் சேந்தப்புறம்தான் இந்திய அரசு எங்கள மீட்குற இந்த வேலைக்கு ஆபரேஷன் காவேரின்னு பேரே தெரிஞ்சது. நான் தஞ்சாவூர்க்காரன், செங்கடல் ஓரத்துல அந்தப் பேரக் கேட்டதும் சிரிப்பு வந்துருச்சு. அங்கிருந்து கடற்படைக் கப்பல்ல ஜித்தா, அப்புறம் ஃப்ளைட். ஊர் வந்து எறங்கியும் முடியல, மஞ்சக் காய்ச்சல் ஊசி சர்டிபிகேட் இல்லாதவங்களை குவாரண்டைன்ல வெச்சாங்க. எங்க அஞ்சு பேர்ல ரெண்டு பேர் மாட்டிக்கிட்டாங்க, குண்டுக்குத் தப்புனவன் அட்டைக்குத் தப்பல.

அந்த சூடான்காரர் எகிப்து எல்லைப் பக்கம் இருக்குற வாடி ஹல்ஃபா ஊர் வரைக்கும் போயிருக்கார். பொண்டாட்டி புள்ளைங்க எகிப்துக்குள்ள போயிட்டாங்க, ஆம்பளைங்களுக்கு விசா வேணும்னு இவர நிறுத்திட்டாங்க. விசா எதுல குத்துறது? தூதரகத்துக்கு மெயில் போட்டா, புது பாஸ்போர்ட்டுக்கு அப்ளை பண்ணுங்கன்னு பதில். கார்ட்டூம்ல அப்போ எந்த ஆபீஸ் திறந்திருந்துச்சு! அந்த மெயில எனக்கு ஃபார்வர்ட் பண்ணிருந்தார், கூட ஒரே ஒரு சிரிக்கிற ஸ்மைலி.