அரசின் பெயர் எழுதிய பந்தல்

திங்களூர் என்றால் பெரும்பாலானவர்களுக்குச் சந்திரன்தான் நினைவுக்கு வருவார். நவக்கிரகத் தலங்களைச் சுற்றுகிறவர்கள் திங்கட்கிழமையாகப் பார்த்து, வெள்ளை வஸ்திரமும் வெள்ளை அலரிப் பூவுமாக வந்து இறங்குவார்கள். எங்கள் வீட்டில் அதற்கு "அப்பூதி ஊர்" என்று பெயர். அப்பா வைத்த பெயர்.

குழந்தைகளுக்கு முதல் சோறு ஊட்ட உகந்த தலம் என்றும் திங்களூரைச் சொல்வார்கள். தம்பி மனைவி உண்டானதும் அப்பா முடிவு செய்துவிட்டார்: "பேரனோ பேத்தியோ, முதல் வாய் சோறு அங்கேதான்." பேத்தி பிறந்தபோது அவர் இல்லை. 71 வயதில், கடையைச் சாத்திவிட்டு வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. தலைத்திவசம் முடிந்ததும் தை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் கிளம்பினோம்.

நீடாமங்கலத்திலிருந்து தஞ்சாவூர், அங்கிருந்து திருவையாறு. வழியில் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளையும் பாலத்தில் கடக்க வேண்டும். சிறுவயதில் அப்பாவோடு போகும்போது ஒவ்வொரு பாலத்திலும் ஆற்றின் பெயரைச் சத்தமாகச் சொல்லச் சொல்வார். திருவையாற்றில் ஐயாறப்பரைக் கும்பிட்டுவிட்டுக் கும்பகோணம் சாலையில் கிழக்கே திரும்பினால் முதலில் திருப்பழனம், அதைத் தாண்டிச் சற்று தூரத்தில் திங்களூர். சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. வயல் இல்லாத இடத்திலெல்லாம் வாழைத்தோட்டம். அந்த வாழையைப் பார்த்ததும் அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். காரணம் எனக்குத் தெரியும்.

அப்பூதி அடிகள் கதையை அப்பா சொல்லி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். இளவயதில் எங்கள் ஊர் சிவன் கோயிலில் பெரியபுராணத் தொடர் சொற்பொழிவு கேட்டவர் அவர். அறுபத்துமூவரில் அவர் மனம் போய் ஒட்டிக்கொண்டது அப்பூதியிடம். துறவி இல்லை, அரசர் இல்லை, தலம் தலமாகப் போய்ப் பாடியவரும் இல்லை. மனைவி, இரண்டு பிள்ளைகள், மாடு கன்று என்று ஒரே ஊரில் குடும்பம் நடத்தியவர். அப்பர் என்கிற திருநாவுக்கரசரை நேரில் பார்க்காமலேயே அவர்மேல் அப்படி ஓர் அன்பு. மூத்த பிள்ளைக்கும் திருநாவுக்கரசு, இளைய பிள்ளைக்கும் திருநாவுக்கரசு. "அளவைகள் நிறைகோல் மக்கள் ஆவொடு மேதி" என்று சேக்கிழார் அடுக்கிக்கொண்டே போவார். அளக்கும் படி, நிறுக்கும் தராசு, பெற்ற பிள்ளைகள், பசு, எருமை எல்லாவற்றுக்கும் அரசின், அதாவது திருநாவுக்கரசரின் பெயர்தான். ஊர்வழியில் அவர் வைத்த தண்ணீர்ப் பந்தலிலும் அதே பெயர்.

அந்த "நிறைகோல்" என்ற இடம் வரும்போது அப்பா தலையை நிமிர்த்திக்கொள்வார். நீடாமங்கலம் கடைத்தெருவில் மளிகைக்கடைக்காரர் அவர். பித்தளைத் தட்டு போட்ட இரும்புத் தராசு ஒன்று எங்கள் தாத்தா காலத்திலிருந்து கடையில் இருந்தது. எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகும் அதை மூலையில் போடாமல், தினமும் புளி போட்டுத் துலக்கி, விபூதி பூசி வைப்பார். அதில் நிறுத்த காலத்தில் அவர் கையைக் கவனித்திருக்கிறேன். முள் நடுவில் வந்து நின்றாலும் விடமாட்டார். ஒரு பிடி பருப்பை எடுத்து, விரல் இடுக்கால் கொஞ்சம் கொஞ்சமாக விழவிட்டு, சரக்குத் தட்டு ஒரு விரற்கடை தாழ்ந்த பிறகுதான் பொட்டலம் மடிப்பார். அவருக்கு அதுவே பூஜை. கோயிலில் அவர் நெடுநேரம் நின்று நான் பார்த்ததில்லை.

பங்குனி பிறந்தால் பந்தல் வேலை தொடங்கிவிடும். எங்கள் ஊர் ரயில்வே கேட் டெல்டாக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். தஞ்சாவூர் - நாகப்பட்டினம் சாலையில் போகிற பஸ்ஸும் லாரியும் ஆம்புலன்ஸும் அந்தக் கேட்டில் காத்துக் கிடக்கும். 2011-ல் மன்னார்குடிக்கு மறுபடி ரயில் விட்ட பிறகு கேட் மூடுவது இன்னும் கூடியது. அந்த இடத்துக்கு அருகில் கீற்றுக் கொட்டகை போட்டு, ஆற்று மணல் பரப்பி, அதன்மேல் பெரிய மண்பானைகளை வைப்பார். மணலை நாள் முழுக்க ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் குளிரும். வெட்டிவேரை வெள்ளைத் துணியில் முடிந்து பானைக்குள் போடுவார். விடியற்காலையில் தேங்காய் நாரால் பானைகளைத் தானே தேய்த்துக் கழுவுவார். கடைப் பையன்களை அந்த வேலைக்கு விட்டதில்லை.

கேட் மூடும் மணி அடித்ததும் குடத்தையும் டம்ளரையும் தூக்கிக்கொண்டு பஸ் வரிசைக்கு ஓட வேண்டும். அது பள்ளி விடுமுறையில் எனக்கும் தம்பிக்கும் உள்ள வேலை. ஜன்னல் வழியாக நீட்டுகிற பாட்டிலில் சிந்தாமல் ஊற்ற வேண்டும். முதலில் கைக்குழந்தை வைத்திருக்கிற பெண்கள், அப்புறம் வயதானவர்கள், டிரைவரையும் கண்டக்டரையும் மறக்கக் கூடாது. இதெல்லாம் அப்பாவின் உத்தரவு. ஊரெல்லாம் பாட்டில் தண்ணீர் வந்த பிறகு, இனிமேலும் பந்தல் எதற்கு என்று தம்பி ஒருமுறை கேட்டான். "பாட்டில் இருபது ரூபாய்டா. வெயிலில் மூட்டை தூக்குகிறவர் எத்தனை பாட்டில் வாங்குவார்?" என்றார். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை.

பந்தலில் ஒரு தகரப் பலகை. நீல வர்ணத்தில் "திருநாவுக்கரசு தண்ணீர்ப் பந்தல்" என்று எழுதியிருக்கும். அப்பாவின் பெயர் அதுவல்ல. கடையின் பெயரையாவது கீழே போடுங்கள் என்று சொன்னவர்களிடமெல்லாம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

அவர் இறந்த மறுநாள், காக்கிச் சட்டையோடு ஒரு கண்டக்டர் தெருமுனையில் நின்று, "திருநாவுக்கரசு ஐயா வீடு எது?" என்று கேட்டிருக்கிறார். யாருக்கும் புரியவில்லை. அப்படி யாரும் இந்தத் தெருவில் இல்லையே என்று சொல்லியிருக்கிறார்கள். "கேட்டாண்ட தண்ணி கொடுப்பாரே, அந்த ஐயா" என்றதும்தான் கூட்டி வந்தார்கள். வந்தவர் அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று அழுதார். வருஷக்கணக்காக அந்தப் பெயரிலேயே அப்பாவை மனத்தில் வைத்திருந்திருக்கிறார். அன்று முழுக்க அழாமல் இருந்த அம்மா அப்போதுதான் உடைந்து அழுதார்.

திங்களூர்க் கோயில் பெரிய கோயில் அல்ல. கைலாசநாதரும் பெரியநாயகியும் அமைதியாக இருக்க, கூட்டம் சந்திரன் சன்னதியில்தான் நெருக்கியது. பங்குனி உத்திரத்தை ஒட்டிச் சூரியன் ஒளியும் நிலவொளியும் சுவாமிமேல் விழும் என்று வரிசையில் நின்ற ஒருவர் பக்கத்திலிருந்தவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். கைலாசநாதர் முன்னால் நின்றபோது எனக்கு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. அப்பா எப்போதும் செய்வதுபோலக் குடும்பத்தில் உள்ளவர்களின் பெயரையும், கடையில் கடன் பாக்கி வைத்திருக்கிறவர்களில் நோயாளிகள் பெயரையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் அப்பா பெயரையும் சொன்னேன்.

பிறகு அப்பூதி அடிகள் முன் வந்தோம். அவரோடு மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். குடும்பத்தோடு கும்பிடப்படுகிறவர். அம்மா அந்த அம்மையாரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வாழையிலை விஷயத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எப்போதும் ஒத்துப்போனதில்லை. தண்ணீர்ப் பந்தலில் தன் பெயரைக் கண்ட அப்பர், அதை வைத்தவர் வீடு தேடி வருகிறார். உங்கள் பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியது ஏன் என்று கேட்கிறார். அப்பூதிக்குக் கோபம் வந்துவிடுகிறது. அரசை அறியாதவரும் உண்டோ, நீர் யார் என்று அதட்டுகிறார். வந்தவர் அவர்தான் என்று தெரிந்ததும் வீடே ஆனந்தக் கூத்தாடுகிறது. விருந்துக்கு இலை அறுக்கப் போன மூத்த பிள்ளையைப் பாம்பு தீண்டிவிடுகிறது. இலையைத் தாய் கையில் கொடுத்துவிட்டு அவன் விழுகிறான். விருந்து கெடக் கூடாது என்று பெற்றவர்கள் பிள்ளையின் உடலை மறைத்துவைத்துவிட்டு இலை போடுகிறார்கள். திருநீறு கொடுக்க மூத்த மகனை அப்பர் கேட்கும்போது, "இப்போது இங்கு அவன் உதவான்" என்கிறார் அப்பூதி.

இந்த இடத்தில் அப்பாவுக்குத் தொண்டை அடைக்கும். "எப்பேர்ப்பட்ட பக்தி பாரு" என்பார். அடுப்படியிலிருந்து அம்மா, "பெத்தவளைக் கேட்டுச் சொல்லுங்க அதை" என்பார். சேக்கிழார் பாட்டில் அந்த அம்மையாருக்குப் பெயர் கிடையாது, மனைவியார் என்பதோடு சரி. சமைத்தது அவர், இலையை வாங்கியது அவர், பிள்ளையைத் தாங்கியதும் அவர். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பந்தலில் மதியம் நீர்மோர் உண்டு. அதற்குத் தயிர் கடைவதும், இஞ்சி தட்டுவதும், நாரத்தை இலையை நரம்பு நீக்கிக் கசக்கிப் போடுவதும் அம்மா. கோடை முழுக்க அவர் கையில் இஞ்சி வாசம் போகாது. பந்தலின் புண்ணியத்தில் சரிபாதி அம்மாவுக்கு என்று நான் சொல்வேன். அப்பா இருந்திருந்தால் முழுவதையும் கொடுத்திருப்பார்.

அம்மையாரின் காலடியில் கொஞ்சம் மல்லிகையை வைத்துவிட்டு, "என்ன பாடு பட்டியோ தாயே" என்றார் அம்மா. அவ்வளவுதான் சொன்னார். பிறகு அவரே மெல்லிய குரலில் "ஒன்றுகொலாம் அவர் சிந்தை" என்று எடுத்தார். பிள்ளை எழுந்திருக்க அப்பர் பாடிய பதிகம். ஒன்று, இரண்டு என்று பாட்டுக்குப் பாட்டு எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். பத்தாவது பாட்டில் பாம்பின் பல்லும் வரும். "பத்துக்கொலாம் அடியார் செய்கைதானே" என்று அடியாரின் செய்கையில் போய் முடியும். அப்பா பாடும்போது ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் தடுமாறுவார், அம்மா எடுத்துக் கொடுப்பார். அன்று அம்மா தடுமாறவில்லை. தம்பிதான் ஆறாவது பாட்டில் குரல் கம்மி நிறுத்திவிட்டான்.

பிள்ளை உயிர்பெற்று எழுந்தபோதும் பெற்றவர்கள் மகிழவில்லை, நாவுக்கரசர் அமுது செய்ய இடையூறு வந்ததே என்றுதான் வருந்தினார்கள் என்கிறது புராணம். அது தெரிந்து அப்பர் அவர்களோடு கூட உட்கார்ந்து சாப்பிடுகிறார். எனக்குக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். விருந்தாளியும் குடும்பமும் ஒரே பந்தியில் உட்காருகிற இடம்.

குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்தோம். குழைய வடித்த பச்சரிசிச் சோற்றில் பால் விட்டு, சர்க்கரை சேர்த்து அம்மா முதல் வாய் கொடுத்தார். குழந்தை முகத்தைச் சுளித்துத் துப்பியது. இரண்டாவது வாயை நாக்கால் தடவிப் பார்த்துவிட்டு விழுங்கியது. சுற்றி நின்ற யார் யாரோ கைதட்டினார்கள். பக்கத்தில் வேறொரு குடும்பமும் தங்கள் குழந்தைக்குச் சோறு ஊட்ட வந்திருந்தது. அவர்கள் கொண்டுவந்த சர்க்கரைப் பொங்கல் எங்கள் இலைக்கு வந்தது, எங்கள் சுண்டல் அவர்கள் கைக்குப் போனது.

திரும்பும் வழியில் திருப்பழனத்தில் இறங்கி ஆபத்சகாயரைக் கும்பிட்டோம். "அழலோம்பும் அப்பூதி" என்று அப்பர் தம் பதிகத்தில் வைத்துப் பாடியது இந்தத் தலத்தில்தான். தம் பெயரைப் பிள்ளைக்கும் பந்தலுக்கும் வைத்தவரின் பெயரை அவர் தேவாரத்தில் வைத்துவிட்டார். சுந்தரரும் திருத்தொண்டத் தொகையில் "ஒருநம்பி அப்பூதி அடியார்க்கும் அடியேன்" என்று சேர்த்துக்கொண்டார்.

காரில் ஏறியதும் தம்பி பேச்சை ஆரம்பித்தான். போன வருஷம் துக்கத்தில் பந்தல் போடவில்லை. இந்தப் பங்குனிக்குப் போட வேண்டும், பலகையில் அப்பா பெயரை எழுதலாம் என்று அவனுக்கு ஆசை. "அப்பூதி தனக்கு யார் பெரியவரோ அவர் பெயரை எழுதினார். நமக்கு அப்பாதானே அக்கா?" என்றான். அவன் சொன்னதில் எனக்கு நியாயம் தெரிந்தது. நான் அம்மாவைப் பார்த்தேன்.

அம்மா யோசித்துவிட்டுச் சொன்னார்: "பேரை மாத்தினா அந்த கண்டக்டர் தம்பி வேற யாரோ பந்தல்னு நெனச்சிடும்டா. பலகை அப்படியே இருக்கட்டும். பானை ரெண்டு விரிசல் விட்டிருக்கு, அதை மாத்து."

தம்பி அங்கேயே போனை எடுத்து, கீற்றுக்குச் சொல்லிவிட்டான். பலகைக்கு நீல வர்ணம் மட்டும் புதிதாக ஒரு பூச்சு. தஞ்சாவூரில் நிறுத்தி இரண்டு பானை வாங்கிக்கொண்டு போகலாம் என்றான். சாயங்காலத்தில் பானை வாங்கக் கூடாது, தட்டிப் பார்த்து வாங்க நல்ல வெளிச்சம் வேண்டும் என்று அப்பா சொல்வதை அம்மா சொன்னார். அதனால் மறுநாள் காலை நானும் அம்மாவும் போய் வாங்கினோம்.