மஞ்சத்துணி முடிச்சு - பேரனோட சேர்வராயன் மலைக்கு போன கதை

போன வருஷம் தை மாசம் என் மக போயிட்டா. மூளையில ரத்தக்கசிவுன்னாங்க, மூணே நாள், 33 வயசு. மாப்பிள்ளை லாரி ஓட்டுறாரு, வடக்க லோடு ஏத்திட்டு போனாருன்னா திரும்பி வர பதினஞ்சு இருபது நாளாயிரும், அதனால 9 வயசு பேரன் சேலம் செவ்வாய்ப்பேட்டையில என் வீட்டுக்கே வந்துட்டான். என் சம்சாரம் அதுக்கு முன்னாடியே காலமாயிட்டா. ஒரே வீட்ல நாங்க ரெண்டே பேரு, ஆனா ஒரு வருஷமா சாப்டியா, ஹோம்வொர்க் முடிச்சியா, இதத் தவிர பேச்சே கெடையாது. மக பேச்ச எடுத்தா பையன் அழுவான்னு நான் எடுக்கல, தாத்தா அழுவாருன்னு அவன் எடுக்கல, இது எனக்கு அப்புறந்தான் தெரிஞ்சுது.

தெவசம் முடிஞ்ச அடுத்த வாரம், மக வீட்லருந்து கொண்டாந்து பிரிக்காமயே வச்சிருந்த சாமி சாமான் பைய எடுத்து தொடச்சிட்டு இருந்தேன். குங்கும டப்பாவுக்கு அடியில மஞ்சத்துணியில முடிஞ்ச காசு. எந்த சாமிக்குன்னு எனக்கு தெரியல. எட்டிப் பாத்த பேரன் சொன்னான், "அது சேர்வராயனுக்கு தாத்தா. எனக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரில இருந்தேன்ல, அப்ப அம்மா முடிஞ்சுது. நல்லாயிட்டா மலைக்கு கூட்டிட்டு வர்றேன்னு வேண்டிக்கிச்சு. அப்பாவுக்கு லீவே கெடைக்கல."

என் பொண்ணு வேண்டுனது எனக்கு தெரியாது, அவனுக்கு தெரிஞ்சிருக்கு. துக்கம் நடந்த வீட்ல ஒரு வருஷம் மலைக்கோயிலுக்கு போவக்கூடாதுன்னு எங்க பக்கம் பாப்பாங்க, அதுவும் முடிஞ்சிருச்சு. ஞாயித்துக்கெழமையே கெளம்பிட்டோம்.

எங்க ஊர்ல எங்க போறதுன்னாலும் மொதல்ல கோட்டை மாரியம்மனுக்கு ஒரு கும்புடு போட்டுத்தான் போவோம். அங்க கும்புட்டுட்டு பக்கத்துல சுகவனேஸ்வரர் கோயிலுக்கும் போனோம். சுகம்னா கிளி, கிளிங்க இருந்த வனம்ங்கிறதால அந்தப் பேரு. சுகர் முனிவர் சாபத்தால கிளியா போயி இங்க லிங்கத்த பூஜ பண்ணிட்டு இருந்தப்ப ஒரு வேடன் வெட்ட வந்தான், ரெண்டு றெக்கையையும் விரிச்சு லிங்கத்த மூடிக்கிட்டு அந்த வெட்ட கிளி வாங்கிக்கிச்சு, இதுதான் தல வரலாறு. சின்னப் பையனாச்சே, கிளிக்கதைன்னா புடிக்கும்னு நானும் ஆசையா சொன்னேன்.

"கிளி செத்துருச்சா?"

"செத்துச்சு, ஆனா சிவன் அத மறுபடி முனிவராவே ஆக்கிட்டாரு."

"அப்ப அம்மாவ?"

எனக்கு வாயே வரல. கைய புடிச்சு பஸ் ஸ்டாண்டுக்கு கூட்டிட்டு வந்துட்டேன், போற வழியெல்லாம் இந்தக் கதைய ஏண்டா சொன்னோம்னு மனசு அடிச்சுக்கிச்சு.

சேர்வராயன் கோயில் இருக்குறது ஏற்காட்டுல, சேலத்துலருந்து 30 கிலோமீட்டர் பக்கம் வரும், அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் வந்தா மல ஆரம்பிச்சுரும், மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுலயும் நம்பர் போட்டு போர்டு இருக்கும். பேரன் ஜன்னலோரம், மடியில எலுமிச்சம்பழம். வாய்க்குள்ளயே ஒண்ணு ரெண்டுன்னு எண்ணிட்டு வந்தான், அவங்கம்மாவும் சின்ன வயசுல இதே மாதிரிதான் எண்ணுவா, பத்துக்கு மேல வாந்தி வந்து எண்ணிக்க விட்டுப்போயிரும். அத சொல்லலாம்னு வாயெடுத்து எடுத்து முழுங்கிட்டு வந்தேன். மேல போகப் போக சில்வர் ஓக் மரமும் அதுல சுத்துன மிளகுக்கொடியும் கீழ காப்பிச் செடியுமா குளுந்த காத்து மூஞ்சில அடிக்குது, பதினாலாவது வளைவுல எனக்கே தெரியாம சொல்லிட்டேன். "நீ கேட்டல்ல சாமி, அம்மாவ ஏன் காப்பாத்தலன்னு. எனக்கும் தெரியலடா. ஒரு வருஷமா தெனம் வெளக்கேத்தும்போது நானும் அதத்தான் கேட்டுட்டு இருக்கேன்."

அவன் என்னைய திரும்பிப் பாத்தான். "நீயுமா?"ன்னான். அவ்ளோதான். தலைய என் தோள்ல சாச்சுக்கிட்டு மிச்ச வளைவ சத்தமா எண்ணுனான். நானும் கூட சேந்து எண்ணுனேன்.

ஏரிக்கிட்ட எறங்கி ஆட்டோ புடிச்சோம், அங்கருந்து அஞ்சாறு கிலோமீட்டர். கோயில் மலை உச்சியில இருக்கு, 5326 அடி, ஆனா மேல போனா மைதானம் மாதிரி தட்டையா இருக்கும், மரம் கம்மி, காத்து ஆளையே தள்ளும், கொழந்தைங்கள கூட்டிட்டு போறவங்க ஸ்வெட்டர் எடுத்துக்கோங்க. கோபுரம் மண்டபம்னு தேடாதீங்க, கோயில்ங்கிறதே ஒரு குகைதான். சேர்வராயனும் காவேரியம்மனும் உள்ள இருக்காங்க. இந்தக் குகை உள்ளுக்குள்ளயே போயி காவேரி பொறக்குற எடத்துல முடியுதுன்னு ஜனங்க நம்புறாங்க. மே மாசம் திருவிழா, சுத்துப்பட்டு மலைக்கிராமத்து ஜனமெல்லாம் வந்துருவாங்க. நாங்க போனப்ப கூட்டமே இல்ல, அதுவும் நல்லதாப் போச்சு.

குகையில பெரியவங்க குனிஞ்சுதான் போகணும். எனக்கு முட்டி வலி வேற. பேரன் நிமுந்தே போவான், அதனால அவன் முன்னாடி, நான் அவன் தோளப் புடிச்சுக்கிட்டு பின்னாடி. "தாத்தா இங்க கல்லு இருக்கு, தலைய எறக்கு, இங்க வழுக்குது"ன்னு சொல்லிட்டே கூட்டிட்டு போனான். வீட்ல ஒரு வாரம் பேசுறத அந்த பத்தடியில பேசிட்டான்.

உள்ள வெளக்கு வெளிச்சத்துல பூசாரி தீபாராதன காட்டுனாரு. முடிச்ச அவுத்து காசப் போடலாம்னு நான் நகத்தால நெமுண்டுறேன், அவுறவே இல்ல. நாப்பது வருஷம் கொலுசுக்கு சலங்கை பத்தவச்ச வெரல், நுனியெல்லாம் காச்சுப்போயி உணர்ச்சியே கெடையாது. மஞ்சள் காஞ்சு துணியும் வெறச்சுப்போயி கெடக்கு, அதுல அவ மூணு முடிச்சு போட்டிருக்கா. பேரன் என் கைய தட்டிவிட்டான். "அவுக்காத. அம்மா கட்டுனது அப்படியே இருக்கட்டும்."

அப்படியே உண்டியல்ல போடப் பாத்தா ஓட்டையில எறங்கல. திருப்பித் திருப்பி அமுக்குறான், கண்ணுல தண்ணி நிக்குது. பூசாரி எதுவும் கேக்கல. கைய நீட்டி அந்த முடிச்ச வாங்கி சாமி காலடியில வச்சு, மேல ரெண்டு பூ போட்டாரு. "யாரு தம்பி கட்டுனது?"ன்னாரு. "எங்கம்மா"ன்னான். அவ பேரு நட்சத்திரம் கேட்டாரு, பேரன் பேரச் சொன்னான், நட்சத்திரம் நான் சொன்னேன். ஒரு வருஷத்துக்கப்புறம் என் மக பேர வாய்விட்டு சொல்லிக் கேட்டது அங்கதான். எனக்கு அப்ப வந்த அழுக, சாவு வீட்ல கூட வரல. குனிஞ்சபடியே அழுதேன், பேரன் என் கழுத்த கட்டிக்கிட்டான்.

வெளிய வந்து அந்தக் காத்துல ரெண்டு பேரும் ரொம்ப நேரம் உக்காந்திருந்தோம். அவன் கேட்டுக்கிட்டே இருந்தான், அம்மா ஸ்கூலுக்கு எப்படி போவும், மார்க் எவ்ளோ எடுக்கும், அடி வாங்கிருக்கா. வளைவு எண்ணி வாந்தியெடுத்தத சொன்னப்ப விழுந்து விழுந்து சிரிச்சான். அவனும் எனக்கு ஒண்ணு சொன்னான், ராத்திரி என் வீட்டுக்கு போன் பேசி வச்சதுக்கப்புறம் அவ கொஞ்ச நேரம் போனையே பாத்துட்டு உக்காந்திருப்பாளாம், "தாத்தா தனியா இருக்காருடா"ம்பாளாம்.

திரும்பி வரும்போது மூணாவது வளைவுக்குள்ள என் மடியில தூங்கிட்டான். டவுனுக்கு வந்து எழுப்பி தட்டுவடை செட் வாங்கிக் குடுத்தேன், காரம் தாங்காம தண்ணி குடிச்சிட்டே ரெண்டு பிளேட் சாப்ட்டான்.

நேத்து காலைல மாத்தர எடுக்கப் போனேன். டப்பா பக்கத்துல அவனோட ஸ்கூல் கர்ச்சீப், மூலையில முடிச்சு. தொட்டுப் பாத்தா ஒரு ரூபா காசு. மஞ்சத்தூள தண்ணியில கொழைக்காம அப்படியே தூவிருக்கான், அலமாரியெல்லாம் மஞ்சள். எதுக்குன்னு நான் கேக்கல. மே மாசம் திருவிழாவுக்கு மறுபடி மலைக்கு போலாமான்னு மட்டும் கேட்டேன். ஷூ லேஸ் கட்டிக்கிட்டே, "உனக்கு முட்டி வலி போயிருச்சுன்னா போலாம் தாத்தா"ன்னான்.