செல்லோ எட்டாம் கிரேடு: பியானோவின் பகுதியையும் படியுங்கள்

வில்லால் வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியமான செல்லோவில் தனிக் கலைஞராகவோ, சிறு குழுவில் வாசிக்கும் சேம்பர் கலைஞராகவோ வர விரும்பி, ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்ற பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியம் நடத்தும் எட்டாம் கிரேடு தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஐந்தாம் கிரேடு தியரியை (இசைக் கோட்பாட்டுத் தேர்வை) முன்கூட்டியே முடித்திருக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரிந்ததே. நேரில் வாசிக்கும் தேர்வின் மொத்த மதிப்பெண்கள் 150. தேர்ச்சிக்கு 100, டிஸ்டிங்ஷனுக்கு 130. இவற்றில் 90 மதிப்பெண்கள் மூன்று உருப்படிகளுக்கே போய்விடுகின்றன.

உருப்படிகளின் தரத்தை உயர்த்த என்னிடம் வரும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது, செல்லோ தாளை மூடிவைத்துவிட்டு, பியானோ பகுதியும் அச்சிடப்பட்ட முழுத் தாளைப் படியுங்கள் என்பதுதான். செல்லோவுக்கும் பியானோவுக்குமாக பேத்தோவன் எழுதிய ஏ மேஜர் சொனாட்டாவை (ஓபஸ் 69) நான் கற்றது அப்படித்தான். செல்லோ துணையின்றித் தொடங்கி, கீழ் 'இ' சுரத்தில் வந்து நிற்கும்போது, அதன் மேல் பியானோ நுழைகிறது. அந்த நீண்ட சுரத்தில் வில்லை எவ்வளவு மெதுவாக இழுப்பது என்பதைப் பியானோவின் வாக்கியம்தான் தீர்மானிக்கிறது. செல்லோ தாளை மட்டும் பார்ப்பவருக்கு அது வெறும் நீட்டலாகவே தெரியும்.

பக்கவாத்தியமாகப் பியானோ வாசிப்பவரைத் தேர்வு நடத்துபவர்கள் தரமாட்டார்கள். நாமே அழைத்துச் செல்ல வேண்டும். கடைசி வாரத்தில் அவரைத் தேடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். பெரும்பாலும் அவருக்கு முதுகைக் காட்டியபடியே அமர்ந்திருப்போம் என்பதால், வில் தந்தியைத் தொடுமுன் இழுக்கும் மூச்சே அவருக்கான சைகை. அதை ஒவ்வோர் ஒத்திகையிலும் ஒரே மாதிரி இழுத்துப் பழக வேண்டும். வழுக்கும் தரைக்காக, நாற்காலிக் காலில் மாட்டி எண்ட்பின்னை (செல்லோவைத் தரையில் ஊன்றும் கம்பியை) நிறுத்தும் பட்டையையும் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.

பார்த்தவுடன் வாசிக்கும் பகுதியில் கிடைக்கும் அரை நிமிடத்தில், ஸ்கேலையும் தாளத்தையும் கண்டபின், இடக்கை தந்தியின் மேல் எங்கே இடம் (பொசிஷன்) மாறுகிறது என்று மட்டும் பாருங்கள்.

தனிச் செல்லோவுக்காக பாக் எழுதிய 'சூட்' என்னும் இசைத் தொகுப்புகளை உலகுக்கு உணர்த்திய செல்லோ கலைஞர் பாப்லோ கசால்ஸ், வயலின் கலைஞர் தீபோ, பியானோ கலைஞர் கோர்த்தோ ஆகியோருடன் பல ஆண்டுகள் டிரியோ (மூவர் குழு இசை) வாசித்தவர்; எல்கரின் செல்லோ கான்செர்ட்டோவை 1965இல் பதிவுசெய்த செல்லோ கலைஞர் ஜாக்குலின் டு ப்ரேயும் பியானோ கலைஞர் பாரன்பாய்ம், வயலின் கலைஞர் ஸுகர்மேன் ஆகியோருடன் டிரியோ வாசித்தார். ஆகவே தேர்வு முடிந்ததும் ஒரு வயலின் மாணவரையும் பியானோ மாணவரையும் சேர்த்துக்கொண்டு ஹைடனின் டிரியோக்களில் தொடங்குங்கள். அவற்றில் செல்லோ பெரும்பாலும் பியானோவின் இடக்கையோடு ஒன்றியே செல்வதால், சுருதி சற்றே விலகினாலும் உடனே காதில் பட்டுவிடும்.