பேனா அழுத்தம் திரும்பி வரும்வரை: ஓவியக் கணினியை மாற்றிய அனுபவம்

ஓவிய வேலைக்காகக் கணினியை மேம்படுத்தப் போகிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "எந்த கிராபிக்ஸ் கார்டு போடப் போறீங்க?" விளையாட்டுக்கும் முப்பரிமாண வேலைக்கும் அது நியாயமான கேள்வி. தட்டையான பரப்பில் பிரஷ் வைத்து வரைபவருக்கு அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. க்ரிட்டா என்ற ஓவிய மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். கேன்வாஸைத் திருப்புவது, பெரிதாக்கிக் காட்டுவது போன்ற திரை வேலைகளைத்தான் கிராபிக்ஸ் கார்டு பார்க்கிறது. பிரஷ் தடத்தைக் கணக்கிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ஓவியப் பரப்பான லேயரில் பதிக்கும் வேலை பிராசசருடையது. அந்த லேயர்கள் தங்கும் இடம் ரேம்.

என்னிடம் இருந்தது இன்டெல் 6ஆம் தலைமுறை பிராசசர், 8 ஜி.பி. ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. எதையும் வாங்குவதற்கு முன்னால், வரையும்போதே டாஸ்க் மேனேஜரைப் பக்கத்தில் திறந்து வைத்துக் கவனித்தேன். நான் அடிக்கடி வரைவது ஏ2 அளவுச் சுவரொட்டிகள். 300 டி.பி.ஐ.யில் அது 4961 × 7016 பிக்சல். ஒரு பிக்சலுக்கு 4 பைட் என்று வைத்தால், முழுக்க நிரம்பிய ஒரு லேயர் ஏறக்குறைய 139 எம்.பி. அப்படி 40 லேயர் சேர்ந்தால் 5.5 ஜி.பி.யைத் தாண்டிவிடும். 16 பிட் வண்ண ஆழத்துக்கு மாற்றினால் அது இரண்டு மடங்கு. இதற்கு மேல், பின்னோக்கிப் போவதற்கான 'அன்டூ' நினைவகமும் உண்டு. 8 ஜி.பி.யில் இயங்குதளமும் பிரவுசரும் எடுத்துக்கொண்டது போக மிச்சம் என்ன இருக்கும்? ரேம் நிரம்பியதும் மென்பொருள் அதில் இடமில்லாததை டிஸ்க்கில் 'ஸ்வாப்' ஆக எழுதத் தொடங்குகிறது, சுழலும் டிஸ்க் 100 சதவீதத்தில் திணறுகிறது, பேனா ஓடிய பிறகு கோடு நிதானமாகப் பின்னால் வந்து சேர்கிறது. அந்த நேரம் முழுக்க கிராபிக்ஸ் கார்டு பெரும்பாலும் சும்மாதான் இருந்தது. அதனால் அந்தக் கார்டை மாற்றுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

இன்னொன்றையும் முடிவு செய்தேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றக்கூடாது. வன்பொருள், இயங்குதளம், பேனா டிரைவர் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டு, மறுநாள் கோடு நடுங்கினால் யாரைக் குறை சொல்வது? அதற்காகச் சோதனைக் கோப்பு ஒன்று செய்துவைத்தேன். மெல்லியதில் தொடங்கித் தடித்து மறுபடி மெலியும் கோடு, டேப்லெட்டின், அதாவது பேனாவால் வரையும் பலகையின், மேல் ஒரு மூடியை வைத்து அதன் விளிம்பைச் சுற்றி வரைந்த வட்டம், வேகமாக இழுத்த குறுக்குக் கோடுகள், 1000 பிக்சல் மென்மையான பிரஷ்ஷில் ஒரு நீண்ட இழுப்பு. கூடவே, என் கோப்புகளிலேயே கனமான ஒன்று திறக்க ஆகும் நேரம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதையே திரும்பச் செய்து பார்ப்பது என்று திட்டம்.

முதலில் பழைய கணினியிலேயே ரேமும், சுழலும் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி.யும். இங்கே ஒரு கணக்கு இருந்தது. பின்னால் மதர்போர்டை மாற்றினாலும் இந்த இரண்டும் கூடவே வர வேண்டும். பழைய போர்டு டி.டி.ஆர்.4 வகை ரேமுக்கானது. இன்டெல் 12 முதல் 14ஆம் தலைமுறை வரையிலான பிராசசர்கள் டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் போர்டு ஏதாவது ஒன்றைத்தான் ஏற்கும், இரண்டின் வெட்டுப்பள்ளமும் வேறு வேறு இடத்தில் இருக்கும். ஆக, டி.டி.ஆர்.4 போர்டாகவே தேடுவது என்ற நிபந்தனையோடு, 16 ஜி.பி. குச்சிகள் இரண்டாக 32 ஜி.பி. வாங்கினேன். ஒரே 32-க்குப் பதில் இரண்டு 16 எதற்கு என்றால், இரண்டு குச்சிகள் சரியான இடங்களில் இருந்தால்தான் இரட்டைப் பாதையில் தரவு ஓடும். நான்கு இடம் உள்ள போர்டுகளில் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும். போர்டின் கையேட்டில் படமே போட்டிருப்பார்கள்.

எஸ்.எஸ்.டி. வாங்கும்போது பார்க்க வேண்டியது, எம்.2 என்ற சிறு அட்டை வடிவில் வருவதெல்லாம் ஒன்றல்ல என்பதை. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் சாட்டா வகை நொடிக்கு 550 எம்.பி. அளவில் நின்றுவிடும், பி.சி.ஐ.இ. 3.0 பாதையில் ஓடும் என்.வி.எம்.இ. வகை 3500 எம்.பி. வரை போகும். என் போர்டு இரண்டையும் ஏற்கும் என்று கையேட்டில் உறுதி செய்துகொண்டு என்.வி.எம்.இ. எடுத்தேன். பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து, அதே விண்டோஸ் 10-இல் சோதனைக் கோப்பைத் திறந்தேன். முன்பெல்லாம் கோப்பைத் திறக்கச் சொல்லிவிட்டு எழுந்து போய்வருவேன், இப்போது நாற்காலியைச் சரி செய்வதற்குள் திறந்துவிட்டது. பிரஷ் தாமதமும் பெரும்பகுதி போயே போச்சு. இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம் என்று உண்மையில் தோன்றியது. பாதிப் பேருக்கு இதுவே போதும் என்பேன்.

நிறுத்த முடியாததற்குக் காரணம் இயங்குதளம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. தனிப் பயனர்களுக்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை தள்ளிப்போடலாம். விண்டோஸ் 11 போட டி.பி.எம். 2.0 (பாதுகாப்புச் சாவிகளைக் காக்கும் பகுதி), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் துவங்கவிடும் வசதி), இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும். என்னுடையது 6. நிபந்தனைகளைச் சுற்றிவளைத்து நிறுவும் வழிகள் உண்டு. பிழைப்புக்கான கணினியில் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தையும் யு.எஸ்.பி.யிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். எந்த டிரைவரும் போடாமலே என் டேப்லெட்டை அடையாளம் கண்டு, அழுத்தத்தையும் சரியாகப் படித்தது. க்ரிட்டா மிக நன்றாக ஓடியது. நான் க்ரிட்டாவில் மட்டும் வேலை செய்பவனாக இருந்தால் அங்கேயே தங்கியிருப்பேன். ஆனால் சித்திரக்கதை வேலை முழுக்க கிளிப் ஸ்டுடியோ பெயின்ட்டில் இருக்கிறது, அதற்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. சரி, போர்டும் பிராசசரும் மாற்றி விண்டோஸ் 11-தான் என்று முடிவானது.

பழையதை அழிப்பதற்கு முன் செய்த தயாரிப்புதான் முழு வேலையிலும் நிதானமாகச் செய்தது. படங்களை எல்லோரும் நகல் எடுத்துவிடுவார்கள். தொலைவது படங்கள் அல்ல, கருவிகள். க்ரிட்டாவின் பிரஷ்கள், வண்ணத் தட்டுகள், அமைப்புகள் எல்லாம் 'ஆப்டேட்டா' என்ற மறைந்திருக்கும் கோப்புறைக்குள் இருக்கின்றன. க்ரிட்டாவில் 'செட்டிங்ஸ்' மெனுவின் 'மேனேஜ் ரிசோர்சஸ்' பகுதியிலிருந்தே அந்த இடத்தைத் திறக்க முடியும். என் சொந்த பிரஷ்களைத் தனியாக ஒரு 'பண்டில்' ஆகவும் கட்டிவைத்தேன். கிளிப் ஸ்டுடியோவின் பொருள்கள் வேறு கோப்புறையில் இருக்கின்றன. வேலைப் பரப்பின் அமைப்பையும் குறுக்குவிசைகளையும் அதிலேயே தனியாகச் சேமித்து எடுத்துக்கொண்டேன். பிறகு டேப்லெட் டிரைவரின் அழுத்த வளைவு, அதாவது பேனாவை எவ்வளவு அழுத்தினால் கோடு எவ்வளவு தடிக்கும் என்ற அமைப்பு. அதைக் கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி என் டிரைவரில் இல்லை, கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டேன். எழுத்துருக்கள் இன்னொரு பொறி. நீங்கள் சேர்த்துப் போட்ட எழுத்துரு புதிய கணினியில் இல்லையென்றால், எழுத்து லேயர் வேறு எழுத்துருவில் திறந்து வரிகள் இடம் மாறிப் போகும். கணினி எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு வைக்கும் மென்பொருள்களில், பழைய இயங்குதளம் உயிரோடு இருக்கும்போதே உரிமத்தை விலக்கிக்கொள்ள வேண்டும். டிஸ்க்கை அழித்த பிறகு அதைச் செய்யப் போனால் வாடிக்கையாளர் சேவையோடு மல்லுக்கட்ட நேரிடும்.

விண்டோஸ் உரிமத்துக்கும் இதே கதைதான். அது வன்பொருளோடு கட்டப்பட்டது. கடையில் தனியாக வாங்கிய உரிமம் என்றால், கணக்கோடு இணைத்துவிட்டு, போர்டு மாறிய பிறகு 'சமீபத்தில் வன்பொருளை மாற்றினேன்' என்ற வழியில் மீட்கலாம். கணினியோடு சேர்ந்து வந்த உரிமம் என்றால் பொதுவாகப் புதிய போர்டுக்கு வராது.

போர்டு மாற்றும் வேலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முடுக்கியது, சொருகியது, குளிர்விப்புப் பசை தடவியது, அவ்வளவுதான். விண்டோஸ் எழுவதற்கு முன் திறக்கும் போர்டின் அமைப்புப் பக்கமான பயாஸில்தான் கொஞ்சம் உட்கார வேண்டியிருந்தது. டி.பி.எம். என்றதும் தனியாக ஒரு சில்லு வாங்க வேண்டுமோ என்று நினைக்க வேண்டாம். இன்டெல்லில் 'பி.டி.டி.', ஏ.எம்.டி.யில் 'எஃப்.டி.பி.எம்.' என்ற பெயரில் பிராசசரோடு சேர்ந்தே வருகிறது, அணைந்திருந்தால் போட்டுவிட்டால் போதும். 'சி.எஸ்.எம்.' என்ற பழைய முறை ஆதரவை அணைத்தால்தான் செக்யூர் பூட் வேலை செய்யும். ரேமும் தானாக அதன் முழு வேகத்தில் ஓடாது. 'எக்ஸ்.எம்.பி.' என்ற அமைப்பைப் போட்டால்தான் அட்டையில் அச்சிட்ட வேகம் கிடைக்கும்.

நிறுவும்போது எஸ்.எஸ்.டி.யைத் தவிர மற்ற எல்லா டிஸ்க்கையும் கழற்றிவைத்தேன். இல்லாவிட்டால் விண்டோஸ் தன் துவக்கப் பகுதியை வேறொரு டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கக்கூடும். பிறகு ஒரு நாள் அந்த டிஸ்க்கை எடுத்தால் கணினியே எழாது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து புதிதாக நிறுவினால், தகுதியுள்ள கணினிகளில் டிஸ்க் தானாகவே குறியாக்கம் செய்யப்படும். நல்ல விஷயம்தான். ஆனால் பயாஸைப் புதுப்பித்த பிறகு மீட்புச் சாவி கேட்கலாம். அந்த எண்ணைத் தாளில் எழுதி மேசை இழுப்பறையில் போட்டிருக்கிறேன். ஆவணக் கோப்புறை மேகச் சேமிப்போடு இணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 1 ஜி.பி. கோப்பைச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் அது மேலேறிக்கொண்டிருப்பது யாருக்கும் வேண்டாத வேலை.

இனி பேனா. உண்மையான வேலை இங்கேதான் தொடங்கியது.

டிரைவரைப் போட்டேன். க்ரிட்டாவில் அழுத்தம் வந்தது, கிளிப் ஸ்டுடியோவில் வரவில்லை. எல்லாக் கோடும் ஒரே தடிமன், மார்க்கர் பேனாவால் இழுத்த மாதிரி. காரணம், விண்டோஸில் பேனா தகவல் போக இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று பழைய 'விண்டாப்', மற்றது 'விண்டோஸ் இங்க்'. டிரைவர் ஒரு பாதையில் பேச, மென்பொருள் இன்னொரு பாதையில் காது கொடுத்தால், அழுத்தம் காணாமல் போகும், சுட்டி மட்டும் நகரும். டிரைவரில் விண்டோஸ் இங்க் தேர்வு செய்திருந்தால் மென்பொருளிலும் அதையே தேர்வு செய்ய வேண்டும். கிளிப் ஸ்டுடியோவில் அதற்கு 'டேப்லெட் பி.சி.' என்று பெயர். க்ரிட்டாவில் டேப்லெட் அமைப்புப் பக்கத்தில் இரண்டும் பட்டியலிடப்பட்டிருக்கும், மாற்றிய பிறகு மூடித் திறக்க வேண்டும். ஃபோட்டோஷாப் இயல்பாக விண்டோஸ் இங்க் பாதையையே எடுக்கும். நான் எல்லாவற்றையும் விண்டாப்புக்கு மாற்றினேன், சிறு சிறு குறுக்குக் கோடுகளில் அதுதான் என் கைக்கு ஒத்துவந்தது. உங்கள் கைக்கு மற்றது ஒத்துவரலாம், இரண்டிலும் வரைந்து பாருங்கள்.

அடுத்தது, பேனாவை ஊன்றி நிறுத்தினால் ஒரு வளையம் தோன்றி, கோடு தொடங்கத் தயங்குவது. அது பழுதல்ல. அழுத்திப் பிடித்தால் வலது சொடுக்கு என்ற வசதி. கன்ட்ரோல் பேனலில் 'பென் அண்ட் டச்' பகுதியில் அணைத்துவிடலாம். வேறு நிறுவனத்தின் பழைய டேப்லெட் டிரைவர் கணினியில் மிச்சம் இருந்தாலும் அழுத்தம் விட்டுவிட்டு வரும். புதிதாக நிறுவியதில் எனக்கு அந்தத் தொல்லை இல்லை. மேம்படுத்தி நிறுவுபவர்கள் பழையதை முழுக்க நீக்கிவிட்டே புதியதைப் போட வேண்டும்.

சோதனைக் கோப்பு தன் பயனைக் காட்டியது வட்டத்தில்தான். மூடியைச் சுற்றி வரைந்தது திரையில் கோழிமுட்டையாக வந்திருந்தது. கண்ணால் பார்த்து வரையும்போது கை தானாக ஈடுகட்டிவிடுவதால் இது எளிதில் பிடிபடாது. என் டேப்லெட்டின் பரப்பு 16:10, திரை 16:9. பழைய கணினியில் எப்போதோ செய்துவைத்த விகிதப் பொருத்தம் புதிய டிரைவரில் இல்லை. டேப்லெட் முழுவதையும் திரை முழுவதற்கும் நீட்டியிருக்கிறது, அகலவாக்கில் ஏறக்குறைய 11 சதவீதம் இழுவை. 'விகிதத்தைக் காப்பாற்று' என்ற பெட்டியைத் தேர்வு செய்ததும் டேப்லெட்டின் ஒரு ஓரம் வீணாகிறது, ஆனால் வட்டம் வட்டமாகிறது. அழுத்த வளைவை, எடுத்துவைத்த படத்தைப் பார்த்துப் புள்ளி புள்ளியாக வைத்தேன். டிரைவர் பதிப்பு வேறு என்பதால் அப்படியே பொருந்தவில்லை. மெல்லிய பக்கம் இன்னும் கொஞ்சம் தளர்த்த வேண்டியிருந்தது.

வண்ணம் கடைசி. திரை அதேதான், ஆனால் அளவீட்டுக் கருவியால் செய்த வண்ண விவரக்கோப்பு (திரை நிறங்களைச் சரியாகக் காட்ட உதவுவது) பழைய இயங்குதளத்தோடு போய்விட்டது. பழைய கோப்பையே கொண்டுவந்து போடலாம். நான் மறுபடி அளந்தேன், திரைக்கும் வயதாகிறது அல்லவா. அகன்ற வண்ணப் பரப்புள்ள திரையில் விவரக்கோப்பு இல்லாமல் வரைந்தால் சிவப்பும் பச்சையும் திரையில் மட்டும் பளபளக்கும், அச்சில் சோர்ந்துபோகும். இரவு ஒளி வசதி அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஏற்கெனவே அச்சாகி வந்த ஒரு சுவரொட்டியையும் அதன் கோப்பையும் அருகருகே வைத்து ஒப்பிட்டேன். ஒத்திருந்தது.

க்ரிட்டாவின் செயல்திறன் பக்கத்தில் ரேம் வரம்பைக் கொஞ்சம் உயர்த்தி, ஸ்வாப் கோப்பை எஸ்.எஸ்.டி.யில் வைத்திருக்கிறேன். அதே ஏ2 கோப்பு இப்போது 16 பிட்டில் ஸ்வாப்பைத் தொடாமலே ஓடுகிறது. கிராபிக்ஸ் கார்டு பழையதுதான், இன்றும் பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கை உடனே அழிக்கவில்லை. ஏதாவது பிரஷ் விடுபட்டிருந்தால் தேட வேண்டுமே என்று அப்படியே வைத்திருந்து, இரண்டு வேலைகள் முடிந்து அச்சுக்குப் போன பிறகுதான் வெளிப்பெட்டியில் போட்டு, காப்புப் பிரதியின் இரண்டாவது நகலுக்கு ஒதுக்கினேன். முதல் நகல் புதிய டிஸ்க்கில் இருக்கிறது. டேப்லெட்டின் ஓரப் பொத்தான்களை இன்னும் முழுதாக அமைத்து முடிக்கவில்லை. கிளிப் ஸ்டுடியோவுக்கு வைத்தது க்ரிட்டாவில் வேறு எதையோ செய்கிறது, மென்பொருள்வாரியாகப் பிரித்து எழுத வேண்டும்.