ஒரே பத்து, ரெண்டு கணக்கு

போன வாரம் பென்னாகரத்தில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். காபி கைக்கு வருவதற்குள், பிளஸ் ஒன் படிக்கிற அக்கா மகள் வேதியியல் விடைத்தாளோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். சோடியம் அயனியில், அதாவது ஒரு எலக்ட்ரானை இழந்த சோடியம் அணுவில், இணைதிறன் எலக்ட்ரான் (மற்ற அணுக்களோடு பிணைப்பில் பங்கெடுக்கக்கூடியது) எத்தனை என்ற கேள்விக்கு இவள் 8 என்று எழுத, அதைச் சிவப்பு மையில் அடித்து 0 என்று போட்டிருந்தது.

"வெளிக்கூட்டுல எட்டு இருக்குதே மாமா, அப்புறம் எப்படி சைபர்?"

நியாயமான கேள்வி. சோடியம் அணுவில் 11 எலக்ட்ரான். 2, 8, 1 என்று அடுக்கு. கடைசி ஒன்று போனால் அந்த எட்டுதான் வெளியே நிற்கிறது. ஆனால் வாசலில் நிற்பவரெல்லாம் வெளியே கிளம்பிவிடுவதில்லை. ஒரு மோல் சோடியத்திலிருந்து முதல் எலக்ட்ரானைப் பிடுங்க 496 கிலோஜூல் போதும், இரண்டாவதுக்கு 4562, ஒன்பது மடங்குக்கும் மேல். அணுவாக இருந்தபோதும் அந்த எட்டு உள்கூடு, அயனியான பிறகும் அதே பிடிவாதம். அதனால் 0 சரிதான். ஆனால் இணைதிறன் எலக்ட்ரான் என்றால் வெளிக்கூட்டில் இருப்பவை என்று ஒரே வரியில் சொல்லிக்கொடுத்துவிட்டு அடித்தால் எப்படி? அரை மார்க்காவது போட்டிருக்கலாம்.

சரி, ஃபுளூரைடை, அதாவது ஃபுளூரின் அயனியை எடுத்துக்கொள் என்றேன். எங்கள் பக்கம் அதைத் தெரியாதவர் யார்? ஒகேனக்கல் தண்ணீர் வருவதற்கு முன்பு ஃபுளூரைடு கலந்த போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்த பலருக்கும் சிரித்தால் பழுப்புக் கறை தெரியும், எனக்கும்தான். ஃபுளூரின் அணு 2, 7; ஒன்றை வாங்கிக்கொண்டால் 2, 8. சோடியம் அயனி மாதிரியே பத்து, அடுக்கும் அதே. ஆனால் இங்கே அந்த எட்டும் இணைதிறன் எலக்ட்ரான்தான், உள்கூடு வெறும் 2. அங்கே கருவில் 11 புரோட்டான் இழுக்கிறது, இங்கே 9 தான், பிடி தளர்வு. ஆரமும் அங்கே 102 பிக்கோமீட்டர் என்றால் இங்கே 133. ஹைட்ராக்சைடு அயனியும் கிட்டத்தட்ட இதே அளவு, மின்சுமையும் அதே. அதனால்தான் பல்லிலும் எலும்பிலும் ஹைட்ராக்சைடு இருக்க வேண்டிய இடத்தில் ஃபுளூரைடு சுலபமாக உட்கார்ந்துகொள்கிறது.

என் பல்லையே கொஞ்ச நேரம் பார்த்தவள், "அப்போ மெக்னீசியம் அயனிக்கும் சைபர்தானே மாமா?" என்றாள்.